விமான மோட்டார் தண்ணீரில் ஏன் கருகுகிறது?

ரிமோட் விமானங்களுக்காகச் செய்யப்படும் பெரிய பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் கரித்துண்டுகள் இல்லாத) மோட்டார் ஒன்று ஒரு கிலோ எடைகூட இருக்காது. ஆனால் அதன் விவரத்தில் 2000 வாட் என்று போட்டிருக்கும். ஒரே ஆளை ஏற்றிய சிறிய படகு அமைதியான நீரில் நிதானமாகப் போக 200, 300 வாட் போதும். அப்படியானால் அந்த மோட்டாரின் தண்டில் ஒரு ப்ரொப்பெல்லரை மாட்டித் தண்ணீரில் இறக்கினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு: கொஞ்ச நேரத்தில் சுருள் கம்பியின் பூச்சு கருகும் வாடை வரும்.

காரணம் அந்த 2000 வாட் கணக்கில்தான் இருக்கிறது. திறன் என்பது முறுக்குவிசையையும், அதாவது தண்டைத் திருப்பும் பலத்தையும், சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. விமான மோட்டார் மிக வேகமாகச் சுழன்று, கொஞ்சம் முறுக்குவிசை மட்டும் கொடுத்து அந்த எண்ணை எட்டுகிறது. கூடவே, அதன் ப்ரொப்பெல்லர் வீசும் காற்றே அதைக் குளிரவைக்கிறது.

இந்த மோட்டார்களை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வாட்டை அல்ல, கேவி எண்ணை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே கேவி. 270 கேவி மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் சுமார் 6500 சுற்று. இதே எண் இன்னொரு செய்தியையும் சொல்கிறது. 9.55-ஐ கேவியால் வகுத்தால், ஓர் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும் என்பது வந்துவிடும். நம் மோட்டாருக்கு அது 0.035. கேவி கூடக்கூட வேகம் கூடும், ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும்.

சூட்டைத் தீர்மானிப்பது ஆம்பியர்தான். சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும், வெளியே வரும் திறன் குறைவாக இருந்தாலும், கேட்கும் முறுக்குவிசை அதிகமென்றால் அது சூடாகிக்கொண்டே போகும்.

சரி, தண்ணீர் என்ன கேட்கிறது? நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. ஒரு ப்ரொப்பெல்லர் விழுங்கும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்தையும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையும் பொறுத்து ஏறும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே வேகத்தில் 32 மடங்கு முறுக்குவிசை வேண்டும். இதைப் பார்த்துவிட்டுச் சின்ன ப்ரொப்பெல்லரை வேகமாகச் சுற்றலாம் என்று இறங்குபவர்கள் உண்டு. மோட்டார் பிழைக்கும், பேட்டரிதான் வீணாகும். நின்ற இடத்தில் 100 நியூட்டன் உந்துவிசை கொடுக்க, 10 சென்டிமீட்டர் ப்ரொப்பெல்லருக்குக் கணக்குப்படி குறைந்தது 250 வாட் தேவை. 20 சென்டிமீட்டருக்கு 126 வாட் போதும். கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது எப்போதும் சிக்கனம். உண்மையான ப்ரொப்பெல்லர்கள் இரண்டுக்குமே இதைவிட அதிகம் செலவாகும், ஆனால் அந்த இடைவெளி போகாது.

ஆக, பெரிய ப்ரொப்பெல்லர், மெதுவான சுழற்சி. அதை நம் மோட்டாரோடு சேர்த்துவைக்க நடுவில் ஒரு வேகக்குறைப்பு வேண்டும். ப்ரொப்பெல்லருக்கு 1200 சுற்றில் 3 நியூட்டன் மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நேராக மாட்டினால் மோட்டார் சுமார் 85 ஆம்பியர் இழுக்கும். சுருளின் மின்தடை 0.03 ஓம் என்றால் 200 வாட்டுக்கு மேல் வெறும் வெப்பமாகப் போகும். பல்பட்டையோ கியரோ போட்டு 5-க்கு 1 என்று குறைத்தால், மோட்டார் 6000 சுற்றில் ஓடும், 17 ஆம்பியர்தான் இழுக்கும், சுருளின் வெப்பம் 9 வாட்டுக்குள் அடங்கிவிடும். கியரில் போகும் சிறு இழப்பைத் தவிர, ப்ரொப்பெல்லருக்குப் போய்ச் சேரும் திறன் ஒன்றேதான். மேட்டில் சைக்கிள் மிதிப்பவர் கியரைக் குறைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 1881-ல் பாரிஸில் செய்ன் நதியில் மின்படகு ஓட்டிய குஸ்டாவ் ட்ரூவேகூட மோட்டாரைச் சுக்கானின் தலையில் வைத்து, சங்கிலி வழியாகத்தான் ப்ரொப்பெல்லரைச் சுழற்றினார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு, தானே எழுப்பும் அலைதான் தடை. மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 4 மீட்டர் படகுக்கு 9. அதைத் தாண்ட மேலும் மேலும் வாட்டைக் கொட்டுவதைவிட, 6 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் போவது எவ்வளவோ மேல். இந்த இடத்தில் சின்ன மோட்டார் ஒரு குறையே இல்லை.

இதே மோட்டாரை ஒரு சிறிய மூன்று சக்கர வண்டியில் பூட்டினால் சிக்கல் வேறு பக்கமிருந்து வரும். நின்றிருக்கும் ப்ரொப்பெல்லருக்கு முறுக்குவிசை ஏறக்குறைய தேவையே இல்லை. வேகம் ஏறும்போதுதான் அது கேட்கும். வண்டியோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் கேட்கும். சாதாரண ஹாபி வேகக் கட்டுப்படுத்தி, சுழலும் மோட்டார் திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. சுழலாத மோட்டாரில் அந்த மின்னழுத்தமே கிடையாது. அதனால்தான் வண்டி கிளம்பும்போது திக்கித் திணறி உதறுகிறது. காந்தத்தின் இடத்தை நின்ற நிலையிலும் உணரும் ஹால் சென்சார் உள்ள மோட்டாரும் அதைப் படிக்கத் தெரிந்த கட்டுப்படுத்தியும் போட்டால் இது தீரும். மேடும் பெரிய செலவு. ஆளோடு சேர்த்து 100 கிலோ உள்ள வண்டி சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக சுமார் 150 வாட் ஆகும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில் அதே வேகத்துக்கு 700 வாட் வேண்டும்.

மின்னழுத்தத்தைக் கூடுமானவரை உயர்த்துங்கள். 600 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், 48 வோல்ட்டில் பன்னிரண்டரைதான். ஒரே கம்பியில் இழப்பு 16 மடங்கு குறையும். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் இழுகயிறும், உயிர்காப்பு மேலாடையும் இல்லாமல் யாரும் நீரில் இறங்கக் கூடாது. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் தரமாட்டேன். நீரில் மூழ்கியே ஓடும் மோட்டார் நன்றாகக் குளிரும், ஆனால் பேரிங்கும் காந்தமும் துருப்பிடிக்கும், உப்புநீரில் இன்னும் சீக்கிரமாக.

முதல் ஓட்டத்துக்கு முன் படகைக் கரையில் கட்டி, உந்துவிசையை அளக்கக் கயிற்றில் ஒரு சுருள்வில் தராசை மாட்டுங்கள். அருகில் யாரும் நீரில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆம்பியர் அளவைப் பார்த்தபடி மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். அதே வேக அமைப்பில் படகு ஓடும்போது வருவதைவிடக் கட்டிய நிலையில்தான் சுமை அதிகம். பத்து நிமிடம் ஓட்டிய பிறகு மோட்டார் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண நியோடைமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கிவிடும். அந்த எல்லைக்கு வெகு கீழே நின்றால் இன்னொரு சென்டிமீட்டர் பெரிய ப்ரொப்பெல்லரைப் போட்டுப் பார்க்கலாம்.