முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்: யார் தருவது எவ்வளவு?

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஆதரவற்ற முதியவர் ஒருவர் ஓ.ஏ.பி. எனப்படும் முதியோர் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுத்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அவருடைய வயது, வருமானம், பெயரில் உள்ள சொத்து, கவனித்துக்கொள்ளப் பிள்ளைகள் உண்டா என்பதையெல்லாம் விசாரித்த பிறகே, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அனுமதி வழங்குகிறார்.

2011-இல் 1,000 ரூபாயான இத்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. கைக்கு ஒரே தொகையாக வந்தாலும், இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு ஒன்றிய அரசு தருவது மாதம் 200 ரூபாய்தான். 80 வயதை எட்டியவருக்கு 500. மீதியை மாநில அரசு போடுகிறது. ஒன்றியத்தின் பங்கும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதால், அதற்கு வெளியே சேர்க்கப்பட்டவர்களின் முழுச் செலவும் மாநிலத்தைச் சேர்ந்தது. 2007-இல் திட்டம் இப்பெயர் பெற்றபோதும் அந்த 200 ரூபாய் 200 ரூபாயாகவே இருந்தது.

ஏழையின் சொத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் அரசு, செல்வந்தரின் சொத்தைப் பார்ப்பதை 2015-இல் நிறுத்திக்கொண்டது. நிகரச் சொத்தில் 30 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 1 விழுக்காடு விதிக்கப்பட்ட செல்வ வரி அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டது. வசூல் குறைவு, வசூலிக்கும் செலவு அதிகம் என்று சொல்லப்பட்ட காரணம் முற்றிலும் பொய்யன்று. அதற்கு ஈடாக, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் கூடுதல் வரி, அதாவது வரித்தொகையின் மேல் விதிக்கப்படும் சர்சார்ஜ், 2 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஆனால் 2023-இல், புதிய வரிமுறையில், 5 கோடிக்கு மேல் ஈட்டுவோரின் சர்சார்ஜ் 37 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டு, அவர்களின் உச்ச வரி விகிதம் 42.74-இலிருந்து 39 விழுக்காடாக இறங்கியது. உதவித்தொகையில் 200 ரூபாய் கூட்டும் சுமையை மாநிலம் ஏற்றதும் அதே ஆண்டில்தான்.

செல்வந்தர் மீது வரியைக் கூட்டினால் ஓய்வூதியம் தானாக உயர்ந்துவிடும் என்று எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. அரசமைப்பின் 270, 271-ஆம் பிரிவுகளின்படி சர்சார்ஜ் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை, முழுவதும் ஒன்றியத்துக்கே. அடிப்படை வரியாக வசூலித்தாலும், வரிப் பகிர்வை வகுக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலக் கணக்கில், பகிர்வுக்குரிய 100 ரூபாயில் 41 ரூபாய் மாநிலங்களுக்குப் போய், அதில் 4.079 விழுக்காடாகத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு. ஆகவே, கூடுதல் வரி எங்கே திரள்கிறதோ அங்கிருந்தே, ஒன்றியத்தின் 200 ரூபாயை உயர்த்துவதுதான் நேர்வழி என்பது என் கருத்து.

திங்கட்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால், நின்றுபோன பணத்தையோ விடுபட்ட பெயரையோ பற்றி முறையிடலாம். பங்குத்தொகையை மாற்றும் அதிகாரம் அங்கே இல்லை. அது தில்லியில், திட்டத்தை நடத்தும் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடமும் நிதி அமைச்சகத்திடமும் இருக்கிறது.