கையை விட்டால் கல் எங்கே போகும்? தோட்டக் கற்களை ஆள்பலத்தால் நகர்த்துபவர்களின் கவனத்துக்கு

இயற்கையான தோற்றத்தில் தோட்டம் அமைக்கும்போது, இயந்திரம் நுழைய முடியாத இடங்களில் பெரிய கற்களைக் கையால்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மீட்டர் சந்து, வேர்கள் பரவிய சரிவு, ஏற்கெனவே நட்டு முடித்த பாத்தி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நிதானமாகச் செய்தால் மூன்று பேர் சேர்ந்து அரை டன் கல்லைக்கூட ஒரு கீறல் இல்லாமல் இடம் சேர்த்துவிடலாம். நிதானம் தவறினால் 60 கிலோ கல்லே ஒருவருடைய முதுகையோ விரலையோ நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

இந்த வேலைக்கு அடிப்படையான கேள்வி ஒன்றுதான்: எல்லோரும் இந்த நொடியில் கையை விட்டால் கல் எங்கே போகும்? ‘இருக்கும் இடத்திலேயே நிற்கும்’ என்பது பதிலானால் வேலை சரியாகப் போகிறது. ‘யாராவது ஒருவரின் மேல் போகும்’ என்றால், அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கல்லின் பாரம் தரையிலோ கட்டையிலோ பலகையிலோ சங்கிலியிலோ இருக்கட்டும். மனித உடம்பில் இருக்கவே கூடாது.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

கண் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒரு டேப் இருந்தால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். உருண்ட பாறைக்கு அதில் 60 சதவீதமும், மூலைகள் கூராக நிற்கும் கல்லுக்கு 75 முதல் 80 சதவீதமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கருங்கல் என்றால் 2.65-ஆலும், மணற்கல் என்றால் சுமார் 2.3-ஆலும் பெருக்கினால் கிலோ எடை கிடைத்துவிடும்.

60×50×40 செ.மீ. அளவுள்ள உருண்டைக் கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 120 லிட்டர். அதில் 60 சதவீதம் 72 லிட்டர். எடை ஏறத்தாழ 190 கிலோ. பார்வைக்கு ஒரு சிறு மேசைக்குக் கீழே அடங்கிவிடும் கல்தான். அளவுகள் மூன்றும் பாதியானால், அதாவது 30×25×20 என்றால், எடை எட்டில் ஒரு பங்காகி 24 கிலோவுக்கு இறங்கிவிடும். மூன்று அளவுகளும் பத்துப் பத்து சதவீதம் கூடினாலே எடை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ‘போன கல்லைவிடக் கொஞ்சம்தான் பெரிசு’ என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், 1991-ல் திருத்தியமைத்த தன் கணக்கில் ஒருவர் தூக்கும் எடைக்கு 23 கிலோவை உச்சமாக வைத்திருக்கிறது. அதுவும் எல்லாம் சாதகமாக இருக்கும்போதுதான்: சுமை உடம்பை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், நல்ல பிடியோடு, உடம்பைத் திருப்பாமல். தரையிலிருந்து குனிந்து எடுக்கும் பிடியில்லாத கல்லுக்கு இந்த எல்லை இன்னும் வெகுவாகக் குறையும். காரணம் நெம்புகோல் கணக்குதான். முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. கல்லோ அரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. 20 கிலோ கல்லுக்குக்கூடத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் முழுவதும் இடுப்புப் பகுதியின் வட்டுகளில்தான் இறங்கும்.

எங்களுக்குப் பெரிய கவலை அரை டன் கல் இல்லை. அதைக் கண்டதும் எல்லோரும் தானாகவே கடப்பாரையைத் தேடுவார்கள். ஆபத்தானது 45×38×30 அளவுள்ள கல். ‘ரெண்டு பேர் ஒரு கை பிடிச்சா தூக்கிடலாம்’ என்று தோன்றும். எடையோ 80 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் பலம் இரட்டிப்பாகும் என்பதும் தவறான கணக்கு. இருவர் பலத்தின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கும், மூவர் என்றால் பாதியும்தான் உண்மையில் பயன்படும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காலடியும் பிடியும் எல்லோருக்கும் ஒன்றுபோல அமைவதில்லை. ஒருவருக்குக் கை வழுக்கினால் முழுப் பாரமும் அடுத்தவர்மேல் விழும்.

வழியைப் பாருங்கள்

கல்லைத் தொடுவதற்கு முன் அது போகவிருக்கும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடி, வடிகால் பலகைக்கல், ஆழமில்லாமல் புதைத்த தண்ணீர்க் குழாய் எதுவாவது குறுக்கே இருக்கிறதா? ஆள் நடக்கத் தாங்கும் மூடி, ஒரே புள்ளியில் இறங்கும் 200 கிலோவைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பாதையில் இருக்கும் பொடிக்கற்களைப் பெருக்கி ஒதுக்குங்கள். மழை பெய்து மண் குழைந்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுவதே மேல். பலகை புதையும், கால் வழுக்கும், கடப்பாரைக்கு ஊன்ற இடம் கிடைக்காது.

வெகுநாள் கிடந்த கல்லுக்கு அடியில் தேளோ பாம்போ இருக்கலாம். வெறுங்கையை அடியில் விடாதீர்கள். கடப்பாரையால் இரண்டு விரற்கடை நெம்பி, கட்டை கொடுத்து, சற்று நேரம் விட்டுவைத்துப் பிறகு நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

கடப்பாரையும் கட்டையும்

ஒன்றரை மீட்டர் கடப்பாரையின் நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஊன்றுகட்டை வைத்தால், கைப்பக்கம் 140 செ.மீ. மிஞ்சும். அதாவது போடும் பலம் 14 மடங்காகும். மேலே சொன்ன 190 கிலோ கல்லின் ஒரு விளிம்பை மட்டும் தூக்க அதன் பாதி எடை, 95 கிலோ, போதும். கையால் அழுத்த வேண்டியது ஏழு கிலோதான். ஆனால் கை 70 செ.மீ. இறங்கினால் கல் 5 செ.மீ.தான் எழும்பும். இந்தப் பேரத்தை ஏற்றுக்கொள்கிறவர்களுக்குக் கல் பணியும். சீக்கிரம் உயர வேண்டும் என்று ஊன்றுகட்டையைத் தள்ளித் தள்ளி வைப்பவர்கள் பலத்தை இழந்து, கடைசியில் கடப்பாரை மேல் ஏறித் தொங்குவார்கள். அப்போது நுனி வழுக்கினால் முகம் நேராகக் கல்லில் போய் மோதும்.

ஊன்றுகட்டை பட்டையான கெட்டி மரமாக இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லை வைக்கவே கூடாது. அழுத்தும்போது அது உருண்டு ஓடிவிடும். மண் இளகியிருந்தால் கட்டைக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். கடப்பாரைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கால்களுக்கு நடுவே அதை வைத்துக்கொள்ளாதீர்கள். கடப்பாரைக்கு நேர்மேலே முகம் வரக் கூடாது. அது துள்ளினால் தாடையில்தான் அடிக்கும்.

ஓர் அங்குலம் எழுந்தால் ஓர் அங்குலம் முட்டுக் கொடுக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. 2, 5, 10 செ.மீ. கனங்களில் கட்டைத் துண்டுகளை முன்பே அறுத்து அடுக்கி வையுங்கள். கட்டையை உள்ளே தள்ள விரலைப் பயன்படுத்தாமல் இன்னொரு குச்சியாலோ நீளக் கட்டையாலோ தள்ளுங்கள். உயரம் கூடக்கூட கட்டைகளை ஒரு வரிசை நெடுக்கிலும் அடுத்த வரிசை குறுக்கிலுமாக அடுக்கினால்தான் அடுக்கு சாயாது. கையுறை தோல் உராயாமல் காக்குமே தவிர நசுங்காமல் காக்காது. இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியும் அப்படித்தான். கையிலிருந்து நழுவும் சிறு கல்லுக்கு அது தடுப்பாகும், புரண்டு வரும் 300 கிலோவுக்கு ஆகாது.

உருளையா, சறுக்குப் பலகையா?

வெறும் மண்ணில் கல்லை இழுத்தால் அதன் எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை பலம் வேண்டும். 190 கிலோ கல்லுக்கு ஏறத்தாழ 95 முதல் 130 கிலோ வரை. சமதளத்தில் பலகை விரித்து அதன்மேல் இரும்புப் பைப் உருளைகளில் ஓட்டினால் அதே கல்லுக்குப் பத்துக் கிலோ தள்ளலே போதும். கல்லின் அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் அதை நேரடியாக உருளையில் வைக்காமல், தடித்த பலகையொன்றில் ஏற்றிக் கட்டி, அந்தப் பலகையை உருளைகள்மேல் நகர்த்த வேண்டும். பைப் 5 செ.மீ. விட்டம், கனத்த சுவர், பலகையைவிட இரு பக்கமும் ஒரு சாண் நீளம். எந்த நேரமும் மூன்று உருளைகள் அடியில் இருக்கும்படி ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். கல் இரண்டு மீட்டர் போனால் உருளை ஒரு மீட்டர்தான் போகும். பின்னால் வெளிவரும் உருளையை எடுத்து முன்னால் போட ஒருவர் தனியாக வேண்டும். அவர் கல்லின் முன்னால் மண்டியிடாமல் பக்கவாட்டிலிருந்து போட வேண்டும். திசை திருப்ப முன் உருளையைச் சுத்தியலால் தட்டிச் சாய்த்தால் போதும். காலால் உதைத்துத் திருப்பும் பழக்கம் பாதத்துக்கு ஆபத்து.

சரிவுக்கு வந்தால் கணக்கு மாறும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டும். 190 கிலோவுக்கு 19 கிலோ. ஏற்றும்போது பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வர வேண்டும். இறக்கம்தான் பெரிய ஆபத்து. உருளையின் தடை ஐந்து சதவீதம், சரிவின் இழுப்பு பத்து சதவீதம் என்றால் கல் தானே ஓடத் தொடங்கிவிடும். இறக்கத்தில் உருளையை எடுத்துவிட்டு வெறும் சறுக்குப் பலகையில் இழுங்கள். அங்கே மண்ணின் உராய்வுதான் உங்கள் பிரேக். சரிவு செங்குத்தாக இருந்தால் மேலே உறுதியான மரத்தில் பின்கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவர் மெதுவாக விட்டுக் கொடுக்கட்டும். சுற்று கூடக்கூடக் கயிற்றின் பிடி பல மடங்காகும். மரப்பட்டை அறுபடாமல் இருக்கச் சாக்குப் போடுங்கள். கல்லுக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது, ‘கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறேன்’ என்று சொல்பவரும்தான்.

கொஞ்ச தூரத்துக்குக் கல்லைப் புரட்டியே கொண்டுபோகலாம். சமநிலைப் புள்ளியைத் தாண்டியதும் கல் தானாக விழும். அந்தக் கணத்தில் கை எடுக்கப் பழக வேண்டும். விழும் பக்கம் பழைய டயரோ மணல் மூட்டையோ கிடந்தால் கல்லின் முகமும் உடையாது.

கயிறு, பெல்ட், முக்காலி

நைலான் கயிறு நன்றாக இழுபடும். இழுபட்ட கயிறு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும். அதிகம் நீளாத பாலியெஸ்டர் கயிறு நல்லது. இழுத்து நிற்கும் கயிற்றின் நேர்கோட்டிலும், கப்பி வைத்துத் திருப்பியிருந்தால் கயிற்றின் மடிப்புக்கு உள்பக்கமும் ஆள் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால் அறுந்தாலும் வேகம் குறையும்.

தூக்கும் பெல்ட்டுகளில் ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்ற நிறக்குறி பரவலாக இருக்கிறது. இருந்தாலும் தையலில் இருக்கும் சீட்டைப் படித்துவிட்டே பயன்படுத்துங்கள். சீட்டுக் கிழிந்த பெல்ட்டை ஒதுக்குங்கள். பெல்ட்டில் முடிச்சுப் போடாதீர்கள். கல்லின் கூரான விளிம்பில் மடித்த சாக்கோ டயர் துண்டோ கட்டாயம். இரண்டு பக்கமும் பெல்ட் கட்டித் தூக்கும்போது அது எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு பாரம் ஏறும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி நின்றால் ஒவ்வொரு பக்கமும் எடையில் 58 சதவீதம். 45 டிகிரிக்கு 71. 30 டிகிரிக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் முழு எடையையும் சுமக்கிறது. அதற்கும் கீழே போகக் கூடாது.

மூன்று கம்பங்களாலான முக்காலி நட்டுச் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தூக்கினால் கால்கள் விரியாதபடி அடியில் மூன்றையும் சங்கிலியால் இணைக்க வேண்டும். பாரம் முக்கோணத்துக்குள் நேராகத் தொங்கட்டும். தொங்கும் கல்லைப் பக்கவாட்டில் இழுத்தால் முக்காலியே சாயும். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கத் தேவையே வராது.

கல்லை இருத்துவது

அதிகம் அவசரப்படுவது இங்கேதான். வந்து சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் கவனம் தளர்கிறது. குழியை முன்பே வெட்டி வையுங்கள். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு புதைய வேண்டும். உயரம் கூடி அடி குறுகிய கல்லென்றால் அதற்கும் மேலே. மண்ணின் மேல் வைத்த கல் கொண்டுவந்து போட்டதாகவே தெரியும். புதைந்த கல்தான் அங்கேயே முளைத்ததுபோல இருக்கும். குழி சுற்றிலும் 15 செ.மீ. அகலமாக, கல் வரும் பக்கம் சரிவாக இருந்தால் சறுக்கி இறக்கிவிடலாம். களிமண்ணாக இருந்தால் அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டுத் திமிசால் இடியுங்கள். கல் அசையும்போது குழிக்குள் காலோ கையோ போகக் கூடாது. மிஞ்சியிருக்கும் மண்ணைக் கடப்பாரை முனையாலோ நீள மண்வெட்டியாலோ சீராக்கலாம்.

முகப்பாக நிற்க வேண்டிய பக்கத்தில் கடப்பாரை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசியும் கற்பாசியும் படர்ந்த பரப்பு ஒருமுறை உரிந்தால் மறுபடி வளர வருடக்கணக்காகும். சாக்குக் கட்டியே நகர்த்துங்கள்.

ஒருவர் குரலுக்குத்தான் எல்லோரும் அசைய வேண்டும். ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஐலசா போட்டு இழுப்பது சமதளத்தில் சரி. இறக்கி வைக்கும்போது அந்த வேகம் வேண்டாம். பெரிய கற்களைக் காலையில் முடித்துவிட்டுச் சிறியவற்றை மாலைக்கு ஒதுக்குங்கள். களைத்த கைகள் முட்டுக் கொடுக்க மறக்கும்.

கல்லைச் சுற்றி மண்ணைப் பத்துப் பத்து செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். பிறகு கல்லின் நான்கு விளிம்பிலும் ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள். தோட்டத்துக் கல்லில் குழந்தைகள் ஏறத்தான் செய்வார்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் மண்ணை எடுத்துவிட்டு மறுபடி இருத்துங்கள். முதல் இரண்டு மூன்று கனமழைக்குப் பிறகு மறுபடி ஏறிப் பாருங்கள். ஓரத்தில் மண் இறங்கி இடைவெளி தெரிந்தால், மேலாக மண்ணைக் கொட்டி மூடாமல், கடப்பாரையால் குத்திக் குத்தி அடிவரை நிரப்புங்கள்.