சார்ஜரைக் கழற்றினால் மடிக்கணினி தானே மாறட்டும்

கொக்குவிலிலிருந்து ஒரு தந்தையும், வளாகத்தில் படிக்கும் அவருடைய மகளும் மடிக்கணினியோடு என்னிடம் திருத்த வந்தார்கள். "தம்பி, பிள்ளை ஒரு பாடக்குறிப்பைத் திறப்பதற்குள் நான் தேநீர் குடித்து முடித்துவிடுகிறேன். புதிது வாங்கத்தான் வேண்டுமோ?" என்று கேட்டார்.

மின்னில் செருகி, கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மானேஜரைத் திறந்தேன். கணினியின் மூளையான செயலி 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடக்கூடியது, ஆனால் 1.2ஐத் தாண்டவேயில்லை. கன்ட்ரோல் பனலில் மின்திட்டத்தை (பவர் பிளான்) பார்த்தால், செயலியின் உச்ச அளவு 50% என்று இருந்தது. பற்றரிக்கும் அதே 50%, மின்னிணைப்புக்கும் அதே 50%. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது, உயர்தரப் படிப்புக்குப் பற்றரி நீடிக்கட்டும் என்று அவளே அப்படிக் குறைத்து வைத்தாளாம். பிறகு மறந்துவிட்டாள். பிள்ளையில் பிழையில்லை. மின் வரும்போதும் போகும்போதும் யாரால் இதை நினைவில் வைத்திருக்க முடியும்? அது கணினி பார்க்க வேண்டிய வேலை.

விண்டோஸ் 11இல் செற்றிங்ஸ், சிஸ்டம், பவர் அன்ட் பற்றரி என்று போனால் பவர் மோட் இருக்கும். புதிய பதிப்புகளில் மின்னிணைப்புக்கும் பற்றரிக்கும் தனித்தனியே தெரிவு காட்டும். பழைய பதிப்பில் ஒரே தெரிவுதான் தெரியும். ஆனாலும் சார்ஜரைச் செருகி ஒரு முறையும், கழற்றி ஒரு முறையும் தெரிவு செய்தால் இரண்டையும் அது தனித்தனியே நினைவில் கொள்ளும். மின்னில் வேகம், பற்றரியில் சிக்கனம் என்று வையுங்கள். மின்திட்டம் 'பலன்ஸ்ட்' ஆக இருந்தால்தான் இந்தத் தெரிவு வேலை செய்யும். அந்தப் பிள்ளையின் மடிக்கணினியில் நான் முதலில் மாற்றியதும் அதைத்தான். புதிது வாங்கத் தேவையில்லை என்றதும் தந்தையின் முகம் தெளிந்தது.

மக்புக் வைத்திருப்பவர்கள் 'லோ பவர் மோட்' என்ற மின்சிக்கனத் தெரிவை 'பற்றரியில் மட்டும்' என்று வைத்தால் போதும். லினக்ஸில் டிஎல்பி என்ற இலவச மென்பொருள் சார்ஜர் கழன்றதை உணர்ந்து தானே மாற்றிவிடும். அதை நிறுவினால், இதே வேலையைச் செய்யும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற மென்பொருளை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

நம் ஊரில் நான் அடிக்கடி காண்பது இன்னொன்று. பல வீடுகளில் இன்வேட்டர் இருக்கிறது. மின் நின்றதும் அது 230 வோல்ட்டைக் கொடுக்க, மடிக்கணினி இன்னும் மின்சபையின் மின்னில்தான் இருக்கிறேன் என்று நம்பி முழு வேகத்தில் ஓடும். அதோடு தன் பற்றரியையும் ஏற்றிக்கொள்ளும். இன்வேட்டரின் பற்றரி மின்விசிறிக்கும் விளக்குக்கும் வேண்டுமே! ஆகவே மின் நின்றதும் எழுந்து சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மீதியை மடிக்கணினி பார்த்துக்கொள்ளும்.