சாமி கண்ணைக் குத்துமா?

“குழப்படி செய்தால் சாமி கண்ணைக் குத்தும்.” இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே குறைவு. கிறிஸ்தவ வீட்டில் அது “யேசப்பா எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று வரும். முஸ்லிம் வீட்டில் “அல்லாஹ் நரகத்து நெருப்பில போடுவான்” என்று வரும். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே சொல்கிற அம்மம்மாக்கள்தான்.

நான் சிறுவர்களோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் உளவளத்துணையாளர். சைவ அறநெறிப் பாடசாலை, கிறிஸ்தவ மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இடைக்கிடை வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு வேலையிலும் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்: பிள்ளைக்குச் சமயம் சொல்லிக் கொடுக்கிறவர் முதலில் பிள்ளையைப் படித்திருக்க வேண்டும்.

தரம் இரண்டில் படிக்கும் ஒரு பொடியன். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிள்ளையார் சதுர்த்திக்குப் படைக்க அவித்து வைத்திருந்த மோதகத்தில் ஒன்றைப் பூசைக்கு முன்பே எடுத்துத் தின்றுவிட்டான். அம்மம்மா வழக்கமான வசனத்தைச் சொன்னார். அந்தக் கிழமையே, வகுப்பில் பரவிக்கொண்டிருந்த கண்நோய் அவனுக்கும் தொற்றியது. கண் சிவந்து, பீளை கட்டி, விடிய எழும்பினால் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. சொட்டு மருந்து விடப் போனால் கண்ணைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். மருந்து எரிகிறதாக்கும் என்று வீட்டார் நினைத்தார்கள். கண் சுகமாகிய பிறகும் சாமி அறையைத் தாண்டும்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் போனான். இரவில் குப்புறப் படுத்துத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான்.

என்னிடம் வந்தபோது அதிகம் பேசவில்லை. தாளும் கலர் பென்சிலும் கொடுத்தேன். பிள்ளையாரை வரைந்தான். அந்தப் பிள்ளையாரின் கொம்பு, தாளின் மறுகரையில் நின்ற சின்னப் பையனின் முகம் வரைக்கும் நீண்டிருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்டபோது, “மருந்து விட்டால் சாமிக்கு இன்னும் கோவம் வரும்” என்றான். அவனுடைய கணக்கில் எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது. குற்றம் செய்தான், தண்டனை சொல்லப்பட்டது, சொன்னபடியே சொன்ன இடத்தில் வந்தது. இனி அதை மாற்றப் பார்ப்பது இன்னொரு குற்றம்.

பெரியவர்களுக்கு இது தற்செயல். பிள்ளைக்கு அப்படி இல்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டிருந்தார். இரண்டு பேர் அப்பிள் திருடுகிறார்கள். ஒருவன் பிடிபடுகிறான். தப்பி ஓடியவன் உக்கிப்போன பாலத்தில் கால் வைக்க, அது உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் அதே பாலத்தில் போயிருந்தாலும் விழுந்திருப்பானா? ஆறு வயதுப் பிள்ளைகளில் 86 சதவீதமானோர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். அதாவது பாலத்துக்கே திருட்டு தெரியும். 11, 12 வயதில் அப்படிச் சொன்னவர்கள் 34 சதவீதம்தான். சின்ன வயதில் உலகமே நீதிமன்றமாகத் தெரிகிறது. அந்த வயதில் நாம் கையில் கொடுக்கிற வசனந்தான் “சாமி கண்ணைக் குத்தும்.”

அந்தப் பொடியனுக்கு “அப்படியெல்லாம் இல்லை” என்று நான் ஆயிரம் தரம் சொல்லியும் வேலை இல்லை. அவனுக்கு நான் யார்? முடிச்சைப் போட்டவர்தான் அவிழ்க்க வேண்டும். அம்மம்மாவைக் கூப்பிட்டேன். அவர் முதலில் மறுத்தார். “எங்களையும் இப்படித்தான் வளர்த்தவை. நாங்கள் என்ன கெட்டா போனனாங்கள்?” நியாயமான கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள். சில பிள்ளைகள் போக மாட்டார்கள். எந்தப் பிள்ளை எது என்று சொல்வதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. இதை விளக்கியபின் அவர் பேரனை மடியில் இருத்தி, “நான் உன்னை வெருட்டத்தான் சொன்னனான், ராசா. பிள்ளையாரும் அம்மாவுக்குச் செல்லப் பிள்ளைதான், மோதகம் தின்றதுக்குக் கோவிப்பாரோ?” என்றார். என் பங்குக்கு நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: “உன்ர வாங்கில இருக்கிற பெடியனுக்கும் கண்நோய் வந்ததுதானே, அவன் என்ன தின்றவன்?” அவன் நெடுநேரம் யோசித்தான். அடுத்த பூசைக்கு மோதகத்தட்டை எல்லாருக்கும் நீட்டும் வேலையை அம்மம்மா அவனிடமே கொடுத்தார். பயம் ஒரே நாளில் போகவில்லை, ஆனால் போனது.

சரி, பெற்றோர் ஏன் சாமியைத் துணைக்கு அழைக்கிறார்கள்? கிளைட் நன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964இலேயே இதைப் பற்றி எழுதினார். கடவுளோடு கூட்டணி என்று இதற்குப் பெயர் வைத்தார். கையில் அதிகாரம் குறைந்த, தன் சொல் எடுபடவில்லை என்று உணரும் பெற்றோர்தான் இந்தக் கூட்டணியை அதிகம் நாடுகிறார்கள் என்றும், அந்தப் பிள்ளைகளிடம் தன்னையே குற்றம் சொல்லும் போக்கு கூடுதலாக இருந்தது என்றும் கண்டார்.

நான் பார்க்கும் வீடுகளும் அதைத்தான் சொல்கின்றன. கணவன் இல்லை, அல்லது வெளிநாட்டில். நுண்கடன் தவணைக்காரர் படலையில் நிற்கிறார். மூன்று பிள்ளைகள், ஒரு அடுப்பு. மாலை ஆறு மணிக்கு அந்தத் தாய்க்குக் கத்தவும் தெம்பு இல்லை. அப்போதுதான் சாமி வருகிறார். அந்தத் தாயிடம் போய், நீங்கள் பிள்ளையை வெருட்டுகிறீர்கள் என்று கண்டிப்பது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகளை மாலையில் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், கடனைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் யாரிடம் பேசலாம் என்ற விவரம், “இப்ப நான் களைச்சுப் போயிருக்கிறன், கொஞ்ச நேரம் சத்தம் போடாதேங்கோ” என்று நேரே சொல்லலாம் என்ற துணிவு. இவை கிடைத்தபின் சாமியின் உதவி தானாகவே குறைந்ததைக் கண்டிருக்கிறேன். குடும்பத்தைத் தாங்காமல் பிள்ளையின் சமயத்தை மட்டும் திருத்த முடியாது.

மரண வீட்டில் சொல்லும் ஆறுதல்களிலும் இதே கவனம் வேண்டும். “நல்லவர்களைக் கடவுள் கெதியாகக் கூப்பிட்டுவிடுவார்” என்கிறோம். தகப்பனை இழந்த ஒரு சிறுமி அதற்குப் பிறகு வேண்டுமென்றே குழப்படிக்காரியாக மாறினாள். நல்ல பிள்ளையாக இருந்தால் தன்னையும் கூப்பிட்டுவிடுவார் என்ற பயம். “அப்பா நித்திரை” என்று சொன்னால் பிள்ளை படுக்கப் பயப்படும். “சாமியிட்டப் போயிட்டார்” என்றால் எப்போது திரும்பி வருவார் என்று கேட்கும். இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவருடைய உடம்பு இனி வேலை செய்யாது, அவருக்கு வலிக்காது, பசிக்காது என்பதையெல்லாம் பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதளவில்தான் மெல்ல விளங்கிக்கொள்கிறார்கள். முதலில் அதைச் சொல்ல வேண்டும், நேராக, சின்னச் சொற்களில். சமய நம்பிக்கையைப் பிறகு சொல்லலாம்: “அப்பா கடவுளோட இருக்கிறார் என்று நாங்கள் நம்புறம்.”

2004 டிசெம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு, எங்கள் பாவத்துக்குத்தான் கடல் வந்தது என்று பெரியவர்கள் பேசியதைக் கரையோரப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்களும் இருந்தார்கள். இப்படியான இழப்பின் பிறகு “கடவுள் ஏன் காப்பாற்றேல்லை?” என்று ஒரு பிள்ளை கேட்டால், உடனே கொடுக்க என்னிடம் விடை கிடையாது. “அது பெரிய கேள்வி. எனக்கும் கவலைதான். உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டுப் பக்கத்தில் இருப்பேன். அந்தரத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னால், அந்தக் காரணத்தின் நுனியில் பிள்ளை தன்னையே நிறுத்திக்கொள்ளும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்பவர்களும் இதே ஆயுதத்தை எடுக்கிறார்கள். “வெளியில் சொன்னால் கடவுள் தண்டிப்பார்.” கடவுள் என்றால் தண்டிப்பவர் என்று ஏற்கெனவே பழக்கப்பட்ட பிள்ளையை வாயடைக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு சமய வகுப்பிலும், யார் தொட்டது பிடிக்கவில்லை என்றாலும் சொல்வது பாவமில்லை, அது ஐயராக, பாதராக, மௌலவியாக இருந்தாலும் சரி, என்று ஆசிரியரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி எண்ணை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள்.

பதின்ம வயதில் அறிகுறி வேறு மாதிரி வரும். பூசைக்கு முன் திரும்பத் திரும்பக் குளிப்பது, ஒரே தேவாரத்தைப் பிழை வந்துவிட்டதோ என்று முதலில் இருந்து பாடுவது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுளூவைச் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகத்தில் தொழுகைக்கே பிந்துவது. முஸ்லிம்கள் இதை வஸ்வாஸ் என்பார்கள். வீட்டில் ‘நல்ல பக்தி’ என்று பெருமைப்படுவார்கள். பிள்ளை அழுதுகொண்டும் களைத்துக்கொண்டும் அதைச் செய்தால் அது ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல வைத்தியரிடம் காட்டத் தயங்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணிலும் வழி கேட்கலாம்.

இப்போது படிப்பு விடயம். இலங்கையில் சமயம் பாடசாலையின் கட்டாயப் பாடம், க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும். அதைவிட ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையும் மறைக்கல்வியும் முஸ்லிம் பிள்ளைகளுக்கான அஹதியாவும். ஒரு பிள்ளை சமயத்தைக் கேட்கும் நேரம் கொஞ்சமல்ல. ஆனால் பல்கலைக்கழகத்தில் சமயம் ஒரு கட்டடத்தில், உளவியல் இன்னொரு கட்டடத்தில், சமூகப்பணி வேறெங்கோ. சைவசித்தாந்தத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு ஏழு வயதுக்காரன் எப்படி யோசிப்பான் என்று தெரியாது. சிறுவர் விருத்தி படித்தவருக்கு இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று பிள்ளையை எங்கே இருத்துவது என்று தெரியாது. ஜெர்மனியில் சமயம் அரச பாடசாலைப் பாடங்களில் ஒன்று. அங்கே சமயம் கற்பித்தலே பல்கலைக்கழகத்தில் ஒரு தனித் துறை.

வயதுக்கேற்பப் படி வைத்துக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களை ஒன்று, இரண்டு என்று படிப்படியாகத்தானே எழுதினார்?

பயிற்சி வகுப்புகளில் நான் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதையை எடுத்துக்கொள்வேன். சித்திரைப் பரணியில் குருபூசை வரும், அறநெறியில் கதை சொல்வார்கள். அடியார் கேட்டார் என்பதற்காகப் பெற்றோர் தங்கள் மகன் சீராளனை அரிந்து கறி சமைக்கிறார்கள். கடைசியில் பிள்ளை உயிரோடு ஓடி வருகிறான். பெரியவர்களுக்கு அந்தக் கடைசிதான் கதை. ஆறு வயதுப் பிள்ளைக்கு நடுப்பகுதிதான் கதை. “அப்பா என்னையும் வெட்டுவாரோ?” என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்கள் அதிகம் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மகனைப் பலியிடப் போன ஆபிரகாமும் ஈசாக்கும், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சொல்லும் இப்ராஹீம் நபியின் கதையும் இதே இடத்தில்தான் நிற்கின்றன.

கதையை எறியச் சொல்லவில்லை. சின்ன வகுப்புக்கு ஔவையாரும் பிள்ளையாரும் போதும். சீராளனைப் பதினான்கு, பதினைந்து வயதில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், இது சரியா என்று அவர்களையே வாதாட விடுங்கள், கோபப்பட்டாலும் விடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதே கதையைப் பற்றி வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். சமய ஆசிரியர்களுக்கான டிப்ளோமாப் பாடத்திட்டம் வரைகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சமய ஆசிரியருக்குப் பிள்ளையின் வளர்ச்சி பற்றி ஒரு முழுப் பாடம், பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசும் களப்பயிற்சி ஒரு தவணை.