எலும்புப்புரை: சொல் விளக்கம்

ஆஸ்டியோபோரோசிஸ் என்பதற்குத் தமிழ்ப் பெயர் எலும்புப்புரை. கிரேக்கத்தில் 'ஆஸ்டியோன்' எலும்பு. 'போரோஸ்' வழி, துளை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகர நோயியல் மருத்துவர் ழான் லோப்ஸ்டைன் வைத்த பெயர் இது.

தமிழில் புரை என்றால் உள்ளே விழும் துளை, பொள்ளல். ஆறாமல் உள்ளுக்குள் குழிந்துகொண்டே போகும் புண்ணைப் 'புரையோடிய புண்' என்கிறோமே, அந்தப் புரைதான். இந்த நோயில் எலும்பு வலிக்காது. உள்ளே மட்டும் சல்லடையாகும். முறிந்த பிறகுதான் பலருக்கும் தெரிகிறது.

பேச்சில் இதை 'எலும்புத் தேய்மானம்' என்கிறார்கள். இந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்பேன். தேய்மானம் மூட்டுக் குருத்தெலும்பில் நடப்பது, அது வேறு நோய். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் குழப்பம் கெடுதலே செய்யும். எடை இறங்கியதும் முழங்கால் வலி பெரும்பாலும் குறையும். தேய்மானம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். அதே மாதங்களில் எலும்புக்குள் புரை கூடிக்கொண்டிருக்கலாம்.

ஏன்? கால்சியத்தை முனைப்பாக உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. இரைப்பையைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறையில் உணவு அந்தப் பகுதிக்குப் போகாமலே கீழே இறங்கிவிடுகிறது. வைட்டமின் டி-யும் சரியாகச் சேர்வதில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைவதைத் தடுக்கப் பாராதைராய்டு ஹார்மோன் கூடி, எலும்பில் இருப்பதை எடுத்துத் தருகிறது. அப்புறம், எலும்பு உறுதியாக இருக்க அதன்மேல் சுமை வேண்டும். எடையும் தசையும் குறைந்தால் அந்தத் தூண்டுதலும் குறையும். இரைப்பையை மட்டும் குறுக்கும் ஸ்லீவ் முறையில் இழப்பு பொதுவாகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இந்த இரண்டு முறைகளுக்கும் பிறகு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரே வேளையில் எடுக்காமல் பிரித்து எடுக்க வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்திருப்பதால் கால்சியம் கார்பனேட் மாத்திரையைவிட கால்சியம் சிட்ரேட் வகை எளிதில் சேரும். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். அதை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் டி-ஸ்கோர். அறிக்கையில் அது −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் உரிய கணக்கு இது. −1-க்கும் −2.5-க்கும் இடைப்பட்டது ஆஸ்டியோபீனியா. 'பீனியா' என்றால் கிரேக்கத்தில் வறுமை. 'எலும்புத் திண்மைக் குறைவு' என்று தமிழில் எழுதலாம். புரை இன்னும் முற்றாத கட்டம் இது.