நடுக்குவாதத்துக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு

நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் மாத்திரையைப் பற்றித்தான் பேசுகிறோம். அட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பெரியப்பாவுக்கு நோய் தெரிந்து மூன்று வருடம் கழித்துத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

1995 சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைதான் இருந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற பிரிவில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும்.

யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ கேட்கலாம். ஆதார், போட்டோ, நரம்பியல் டாக்டரின் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த நோய் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மனிதர் நன்றாகவே நடப்பார். அது இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழவே முடியாது. பெரியப்பா பரிசோதனை அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து போய் நின்றார். கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். 40-க்குக் கீழேதான் கிடைத்தது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது ஆபத்து. பதிலாக இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது கால் நகராமல் உறைந்து நின்றார், எப்போது விழுந்தார், சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆனது. முடிந்தால் வீடியோவும் எடுங்கள். சதவீதம் குறைவென்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நாங்கள் அந்த நோட்டோடு போனோம், கிடைத்தது.

தமிழ்நாட்டில் பார்க்கின்சன் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரி கட்டும் குடும்பம் என்றால், பழைய வரி முறையில் சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, நோயாளி 60 வயதைத் தொட்டவர் என்றால் ஒரு லட்சம் வரை கழிக்கலாம். இதற்கும் 40 சதவீதப் பாதிப்பு வேண்டும், நரம்பியல் நிபுணர் எழுதிய சீட்டும் வேண்டும். காப்பீட்டில் திரும்ப வந்த பணத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிசியோதெரபியே வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இன்னொன்று, வங்கி. இந்த நோயில் கையெழுத்து நாளாக நாளாகச் சிறுத்துப் போகும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பென்ஷன் பணத்தைக்கூட எடுக்க முடியாமல் திரும்பி வருபவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. கையெழுத்துப் போட முடியாத முதியவர், நோயாளியிடம் கைரேகை வாங்கிக்கொண்டு பணம் தர ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் போதும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்யவும் 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.