அம்மாவின் போன் நம்பரைக் கேட்காமலே வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்களா? உடனே செய்ய வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், உச்சிப்புளி மாதிரி ஊர்களில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கலர் குடை விரித்து சிம் விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற ஒரு வயதான அம்மாவிடம், "ரீசார்ஜ் ஆஃபர் வந்திருக்கும்மா, போனைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பார்கள். பட்டன் போனை வாங்கி ஏதோ தட்டுவார்கள். ஆதார் கேட்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள், புது சிம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். சில நாளில் பழைய சிம் வேலை செய்யாது. அந்த அம்மாவோ ரீசார்ஜ்தான் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நம் கடற்கரையில் இது தெரியவரவே நாளாகும். டவர் போவது இங்கே புதிதில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைக்கூடப் பிடிக்கும். அதனால் சிக்னல் இல்லையென்றால் யாரும் பதறுவதில்லை. ஆனால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த செய்தியும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஏறிய செய்தியும், வங்கியின் ஓடிபியும் அந்த ஒரு நம்பருக்குத்தான் வருகின்றன. ஆகவே விதியைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் 'போர்ட்' வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. விதிகளை வகுப்பது டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதில் அடிப்படையானது இதுதான்: யூபிசி என்ற எட்டெழுத்துக் குறியீடு இல்லாமல் எந்த நம்பரும் மாறாது. அந்த நம்பரிலிருந்தே 1900-க்கு, ஆங்கில எழுத்தில் 'போர்ட்' என்று தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பினால்தான் குறியீடு வரும். அது நான்கு நாளுக்குச் செல்லுபடியாகும். அதாவது போன் கைமாறிய அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. குடைக்கடையில் போனைக் கொடுக்காதீர்கள், வந்த குறியீட்டைப் படித்துச் சொல்லாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

போர்ட் செய்திருப்பது அன்றைக்கே தெரிந்துவிட்டால் நல்லது. விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள், அதே நம்பரிலிருந்து 1900-க்கு 'கேன்சல்' என்றும் நம்பரையும் அனுப்பினால் மாற்றம் நின்றுவிடும். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மாநிலத்துக்குள் மாறுவதற்கு மூன்று வேலைநாள் கெடு என்பதால், முதல் நாளில் பழைய சிம்மில் சிக்னல் இருக்கும். மாறிய பின், புதுக் கம்பெனியில் 90 நாள் ஆகும்வரை சாதாரணமாகத் திரும்பிப் போக யூபிசி கிடைக்காது. அதனால்தான் அந்த முதல் நாள் இவ்வளவு முக்கியம்.

நேரம் கடந்துவிட்டது, புது சிம்மும் கையில் இல்லை, நம்பர் யாரிடமோ ஓடுகிறது என்றால் அது வெறும் விற்பனைத் தொல்லை அல்ல. வேறெதற்கும் முன்னால் வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். கம்பெனியோடு சண்டை போடுவது அதற்குப் பிறகு.

புது சிம் கையில் இருந்து, விருப்பமில்லாமல் மாற்றியிருந்தால், புகார் புதுக் கம்பெனி மேல். 198-க்கு அழைத்து, "என் சம்மதம் இல்லாமல் போர்ட் செய்திருக்கிறீர்கள், விண்ணப்பப் படிவத்தின் நகலும் விற்றவர் விவரமும் வேண்டும்" என்று சொல்லுங்கள். சிம் விற்பவர் யாரும் கம்பெனியிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. ஆகவே 'யார் விற்றார் என்று தெரியாது' என்ற பதிலை ஏற்காதீர்கள். புகார் எண்ணை வாங்கித் தேதியோடு எழுதிவையுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எண் இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போக முடியாது.

அடுத்த படி, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அவரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அதற்கு மேலே போக, தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு 1063 என்ற எண்ணில் இருக்கிறது.

புகாரை யார் கொடுப்பது என்பதில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கீழக்கரையில் எத்தனையோ வீடுகளில் உம்மா பேசுகிற சிம், வளைகுடாவில் இருக்கிற மகன் பெயரில் இருக்கும். சட்டப்படி வாடிக்கையாளர் அந்த மகன்தான். அவரிடம் ஓர் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வாங்கிவைத்துக்கொண்டு பேசுங்கள். சிம் காலமான தகப்பனார் பெயரில் இருந்தால், பிரச்சினை எதுவும் வருவதற்கு முன்பே கம்பெனி அலுவலகத்தில் பெயரை மாற்றிவிடுங்கள்.

அரசின் சஞ்சார் சாத்தி தளத்தையும் ஒருமுறை பாருங்கள். அம்மா பெயரில் ஓடுகிற சிம் எல்லாம் அதில் தெரியும். அவருடையது அல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என் நம்பர் இல்லை' என்று குறிக்கலாம். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ பெறக்கூடிய குற்றம்.

பிராட்பேண்ட் கதை வேறு. அதற்குப் போர்ட் கிடையாது. லேண்ட்லைன் நம்பரையும் இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. "நாங்களே பழைய லைனை நிறுத்திடுவோம்" என்று சொல்லிப் புதுக் கேபிள் இழுத்தவர் போய்விடுவார். பழைய கம்பெனி பில் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய இணைப்பு வேண்டாம் என்றால் நீங்களே எழுதிக் கொடுத்து, மோடத்தை ஒப்படைத்து ரசீது வாங்கி, கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். கேட்காமல் இழுத்த புது லைன் என்றால் அதற்கு 'வேண்டாம்' என்று எழுத்தில் அனுப்புங்கள். போன் செயலியில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்து அதை ரத்து செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி விவகாரத்தை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று முதலில் கேட்க 1915 உதவி எண் போதும். வழக்குக்குப் போகும்போது புகார் எண்கள், கம்பெனி அனுப்பிய எஸ்எம்எஸ்களின் ஸ்கிரீன்ஷாட், ரீசார்ஜ் ரசீது, படிவத்தின் நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். பட்டன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. இன்னொரு போனில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.